புள்ளி விழுந்த வீடு

அலுவலகத்தில் அவருக்கு ‘ஒருமணி அக்கா’ என்று பெயர். எதிரே உட்கார்ந்த ஆளை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு நிமிடம் முன்னதாக விடவும் மாட்டார். வந்தவர் அழுதுகொண்டிருந்தாலும் சரி, ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டி, “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. மூக்கைச் சிந்திட்டு முக்கியமானதைச் சொல்லுங்க” என்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இதற்காக அவரைத் திட்டாதவர்கள் யாரும் இல்லை. அவருக்காகவே வேறு வேலைக்குப் போகாமல் இருந்தவர்களும் உண்டு.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த அலுவலகம். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய், நோயாளியையும் அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தையும் கவனிக்கிற சமூகப் பணியாளர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரைக் கவனிப்பது அக்காவின் வேலை. ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம். போன வீட்டில் என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள், எது மனதைக் குடைகிறது, எல்லாம் அந்த நேரத்தில் பேச வேண்டும். நியமனக் கடிதத்தில் ‘மேற்பார்வை’ என்று போட்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் வகிடுதான் தெரியும், முகம் தெரியாது என்று சொல்லி அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னதே இல்லை.

அவருடைய அறை முன்பு சக்கர நாற்காலிகள் போட்டுவைத்த இடம். சுவரில் இன்னும் சக்கரத்தின் கறுப்புத் தடம் இருக்கிறது. உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். மேனேஜர் ஒரு மேசை வாங்கிப் போட்டதை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். மேசை இருந்தால் அதன் மேல் கோப்பு வரும், கோப்பு வந்தால் ஆள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் என்பது அவர் கட்சி.

இந்த வேலைக்கு அவர் மேலிருந்து இறங்கி வந்தவர் இல்லை. பதினான்கு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். படுக்கை மாற்றி, உடம்பு துடைத்து, ஆளைப் புரட்டிப் போட்டு உரமேறிய கை. பிறகு மாலை வகுப்பில் படித்துச் சமூகப் பணியாளராகி, பத்து வருடம் வீடு வீடாகப் படியேறினார். அந்தப் பத்து வருடத்தில் அவருக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். முதல் ஆள் ஒவ்வொரு வாரமும் “எத்தனை வீடு?” என்று மட்டும் கேட்பார். இரண்டாவது ஆள் “நீங்க எப்படிம்மா இருக்கீங்க?” என்று மட்டும் கேட்பார். முதல்வரிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன், இரண்டாமவரிடம் அழக் கற்றுக்கொண்டேன், வேலையை நோயாளிகளிடம்தான் கற்றுக்கொண்டேன் என்பார்.

பயிற்சி வகுப்பில் ஒரு பாடம் அவருக்குப் பிடித்திருந்தது. இந்த வேலை ஒரு முக்காலி. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஒரு கால். செய்கிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு கால். செய்கிறவர் ஒடிந்து போகாமல் தாங்குவது மூன்றாவது கால். ஒன்று குட்டையானால் உட்கார்ந்திருப்பவர் விழுவார். பாடம் சுலபம். உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கால் குட்டை என்று தெரிவதுதான் கஷ்டம்.

அதற்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். கோடு போடாத ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் ஓரத்தில் அந்த ஆள் போகிற வீடுகள் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டைப் பற்றி அந்த வாரம் பேச்சு வந்தால் அதற்கு நேரே ஒரு புள்ளி. மூன்று மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டுவார். புள்ளியே விழாத வீடு எது என்று தேடுவார். தானாக வாய்க்கு வராத வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்பது அவர் கணிப்பு. அது பெரும்பாலும் பொய்க்கவில்லை. மீசைக்காரர் என்று ஒருவர், முன்பு லாரி ஓட்டியவர், ஒரு வீட்டைப் பற்றி நான்கு மாதம் மூச்சே விடவில்லை. தோண்டிக் கேட்டதில், அந்தக் கட்டிலில் கிடந்தவர் அச்சு அசல் மீசைக்காரரின் செத்துப்போன அப்பா மாதிரியே இருப்பாராம். பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார் மனிதர். லாரியில் மலையிறங்கினவருக்கு ஒரு கட்டிலைப் பார்த்துப் பயம். அன்றைக்கு அவர் அழுதது முழுசாக நாற்பது நிமிடம். அடுத்த வாரம் முதல் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தார்.

இப்படி நம்பிய நோட்டுதான் அக்காவைக் கவிழ்த்தது.

பதினொரு பேரில் கெட்டிக்காரி ‘டீச்சர்’. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதுக்கு மேல் இதற்கு வந்தவர். சொந்த அம்மாவை ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். அவர் போகிற வீடுகளில் ஒன்று, ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம். வலப் பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத ஒரே மகள் தனியாகப் பார்த்துக்கொண்டாள். டீச்சர் முதலில் போனபோது அவள் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்து, செத்துப்போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தினார். தூக்கம் வர வைத்தார், டாக்டரிடம் கூட்டிப்போனார், விட்டுப்போன தையல் வேலையைத் திரும்ப எடுக்க வைத்தார். ஒவ்வொரு வாரமும் அக்காவின் அறையில் அந்த வீட்டுக் கதை நடக்கும். மகள் சொன்ன நக்கல், மகளுக்கு வந்த முதுகு வலி, மகள் தைத்துக்கொடுத்த ஜன்னல் திரை. அவள் பேச்சே அப்படி, கேட்பவர் சிரித்துவிடுவார். அக்காவும் சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்கு நேரே இருபத்திரண்டு புள்ளி. மற்ற எந்த வீட்டுக்கும் அத்தனை இல்லை. மாதக் கூட்டத்தில் அந்த வீட்டையே எடுத்துக்காட்டாக வைத்து எல்லோருக்கும் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டில் மெத்தையைப் புரட்டிப் போடலாம் என்று கிளம்பினார். அவருடைய கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் அக்காவை மீட்டர் பார்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். பாதியில் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மெத்தை கட்டில் மேல் கூடாரம் மாதிரி நின்றது. அக்கா தனியாக முட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“விடு, விடு. ஒரு ஆளால இது புரளாது” என்றார் கணவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அக்கா மெத்தையைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதை அப்படியே சரியவிட்டு, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். கணவர் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, “அம்மா தாயே, என்னையும் கொஞ்சம் மேற்பார்வை பண்ணிட்டுப் போ” என்று கூப்பிட்டது காதில் விழவில்லை.

மறுநாள் டீச்சருடைய முறை இல்லை. இருந்தாலும் காலை எட்டரைக்கே வரச் சொன்னார். டீச்சர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டார்.

“அந்தத் தையல்காரப் பொண்ணுக்கு முதுகு பிடிச்சு எத்தனை வாரம் ஆச்சு?”

“ஏழு வாரம். இப்போ பரவாயில்லக்கா. டாக்டர் பெல்ட் குடுத்திருக்கார். குனியவே கூடாதுன்னு நான் கண்டிச்சு வச்சிருக்கேன். அவங்களும் குனியறதில்ல.”

“அவங்க குனியறதில்லன்னா, அப்பாவை யாரு புரட்டுறா?”

டீச்சர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அம்மாவை ஆறு வருடம் புரட்டியவர்.

“நீங்க அவரைக் கடைசியா எப்போ பாத்தீங்க?”

“போன வாரம்கூடப் பாத்தேனே... தூங்கிட்டிருந்தார். கழுத்து வரைக்கும் போர்வை போத்தி...”

“போர்வையைப் பாத்திருக்கீங்க” என்றார் அக்கா. நோட்டைத் திறந்து காட்டி, “நான் அதைக்கூடப் பாக்கல. ஏழு வாரமா முதுகு வலின்னு என் காதால கேட்டு, ஏழு புள்ளி வச்சிருக்கேன். கிளம்புங்க” என்றார்.

இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனார்கள். வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த மகள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள், பின்னால் நின்ற புது ஆளைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. இருந்தும் உட்காரச் சொல்லி டீ போட்டாள். முன்னறையில் தையல் மெஷின், வெட்டிய துணிகள், டீச்சர் எப்போதும் உட்காரும் நாற்காலி. அது உள்ளறைக் கதவுக்கு முதுகு காட்டிப் போடப்பட்டிருந்ததை அக்கா கவனித்தார். வீடு முழுக்கப் பவுடர் வாசனை. வார்டில் பதினான்கு வருடம் இருந்த மூக்குக்குப் பவுடருக்கு அடியில் இருந்த இன்னொரு வாசனையும் எட்டியது.

“அப்பா இப்பதான் கண்ணசந்தார்” என்றாள் மகள், கதவருகே வந்து நின்றுகொண்டு.

“அசரட்டும்மா. தூங்கற ஆளை முழிப்புத் தட்டாம புரட்டத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க, பதினாலு வருஷம்.”

மகள் நகரவில்லை. அக்கா தள்ளவில்லை, குரலை உயர்த்தவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“எத்தனை நாளா மூடி வச்சிருக்கே?”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பெரியவர் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. போர்வையை விலக்கி அவரைப் பக்கவாட்டில் திருப்பியபோது, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஆழமான புண். பெரியவர் இடது கையால் அக்காவின் மணிக்கட்டைப் பற்றினார். பிடி விடவில்லை. அக்கா அந்தக் கையை விலக்காமல், மற்ற கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சொல்வார்கள். அந்த வீட்டில் வாய் இருந்த ஒருத்தி அழுதாள். பாலும் கிடைத்தது. வாயில்லாதவர் உள்ளறையில் கிடந்தார்.

ஆம்புலன்ஸ் வருகிற வரை மகள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடம்தான் சொன்னாள். “முதல்ல சின்னதா சிவப்பாத்தான் இருந்துச்சு. சொல்லணும்னுதான் நெனைச்சேன். வாரா வாரம் டீச்சர் வந்து, உங்கள மாதிரி அப்பாவைப் பாத்துக்க யாரால முடியும்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?”

டீச்சருக்கும் அது கேட்டது. பாராட்டு ஒரு ஆளின் வாயை அடைக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை அவர்.

அன்று மாலையே மேனேஜர் விசாரணைக் குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். அக்காவைவிட இருபது வயது இளையவர், கெட்ட மனிதர் அல்ல, மேலிடத்துக்குப் பயப்படுகிறவர். பணியாளர் நோயாளியை நேரில் பரிசோதிக்கத் தவறினார், பணிநீக்கம் பரிசீலிக்கப்படுகிறது என்று இரண்டு வரி. அக்கா அதை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து, முதல் வரிக்கு மேலே தன் பெயரையும் பதவியையும் எழுதி, இந்த வீடு இருபத்திரண்டு வாரம் என்னிடம் பேசப்பட்டது, நோயாளியைப் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று சேர்த்தார்.

மேனேஜர் பதறிப்போனார். “அக்கா, உங்க பேரை எதுக்கு இழுக்கறீங்க? இது மேல போச்சுன்னா, மேற்பார்வையால என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க. இந்த ஒரு மணி நேரத்தையே நிறுத்திடுவாங்க. மத்த பத்து பேருக்கும் இல்லாம போயிடும்.”

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை வெட்டிச் செலவு என்று சொல்கிறவர்கள் மேலே இருந்தார்கள். எட்டு வருடம் பாடுபட்டுக் கட்டியது அது. டீச்சர் ஒருவர் போனால் மற்ற பத்துப் பேருக்கு அந்த நேரம் நிற்கும். கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது. அக்கா சக்கரத் தடம் பதிந்த தன் சுவரைக் கதவு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏன் தம்பி, புண்ணு மேல பவுடர் போட்டதுக்கு அந்தப் பொண்ணைத் தப்பு சொல்லப் போறோம். நாம இங்க என்ன போடலாங்கிறே?”

மேனேஜர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“வேலையைப் பாக்கணும், சொல்லிக்குடுக்கணும், தாங்கணும். மூணு கால். நான் தாங்கறதுலயே சொகமா உக்காந்துட்டேன். டீச்சர் அந்தப் பொண்ணைத் தாங்கினாங்க, நான் டீச்சரைத் தாங்கினேன். நல்லா வேலை நடக்குதுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். இதையும் எழுதிக்கோ. எழுத்து நல்லாயிருக்கும் உனக்கு.”

மேனேஜர் எழுதினார். குறிப்பு மேலே போயிற்று.

மூன்று வாரம் கழித்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மேசை இல்லாத அறையில் எங்கே எழுதுவது என்று தெரியாமல் தொடைமேல் வைத்து எழுதினார்கள். அக்கா நோட்டை அப்படியே கொடுத்தார். புள்ளி எதற்கு, அது எங்கே ஏமாற்றியது என்று மழுப்பாமல் விளக்கினார். பேசாத வீட்டைக் கண்டுபிடிக்கும் வழி வைத்திருந்தேன், பேசின வீட்டில் பேசாத ஆளைக் கண்டுபிடிக்க வழி வைக்கவில்லை என்றார். அவர்களில் மூத்தவர் நோட்டைத் திருப்பித் தரும்போது, இத்தனை வருடத்தில் தப்பைத் தேதியோடு எடுத்துக் கொடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம். மேனேஜர் சொல்லித்தான் இது தெரியும். அக்கா சொல்லவில்லை.

தீர்ப்பு வந்தது. டீச்சருக்கு எழுத்தில் எச்சரிக்கை, வேலை நிலைக்கும். அக்காவுக்கும் எச்சரிக்கை. ஒரு மணி நேரம் ஆறு மாதத்துக்குச் சோதனையாகத் தொடரும். அதோடு, அக்காவும் வாரம் ஒருமுறை வெளியிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் போய்த் தன் வேலையைச் சொல்ல வேண்டும். கடைசி வரியைப் படித்து அக்கா சிரித்துவிட்டார். எட்டு வருடமாக மனுப் போட்டுக் கேட்டுக் கிடைக்காதது தண்டனையாகக் கிடைத்தது. அந்த மூத்தவர் ஒரு ஓய்வுபெற்ற மனநல நர்ஸ். முதல் நாளே ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கடிகாரத்தைக் காட்டினாராம். “உனக்கே ஒருமணியா!” என்று கணவர் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நோட்டும் மாறியது. இப்போது வீட்டுக்கு ஒரு வரி இல்லை, வீட்டிலுள்ள ஆளுக்கு ஒரு வரி. கட்டிலில் கிடப்பவர் முதல் வரி. பக்கம் நெருக்கமாகிவிட்டது, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாப் பக்கத்தையும் கையால் திரும்ப எழுதினார்.

பெரியவர் ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் கிடந்தார். ஒரு வாரம் காய்ச்சலில் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்து, பிழைத்துக்கொண்டார். புண் மெதுவாக மூடியது, முழுக்க இன்னும் மூடவில்லை. வீட்டுக்கு வந்ததும் புரட்டிப் போட ஒரு உதவியாளர் நாளில் நான்கு முறை வர அக்கா ஏற்பாடு செய்தார். நடுவில் உள்ள நேரத்துக்கு, முதுகு வளையாமல் விரிப்பை இழுத்து ஆளைத் திருப்புகிற விதத்தை மகளுக்குத் தானே காட்டிக்கொடுத்தார். அந்த வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பலாம் என்று மேனேஜர் சொன்னதற்கு, விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்.

டீச்சர் முதல் நாள் போனபோது மகள் கதவைத் திறந்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் “செருப்பை அங்க விடுங்க” என்றாள்.

அதற்கடுத்த வாரம், டீச்சர் அக்காவின் எதிரே உட்கார்ந்தார். இளைத்திருந்தார். பழைய சிரிப்பு இன்னும் திரும்பவில்லை. “அவங்க இன்னிக்கு டீ குடுத்தாங்க அக்கா” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். மூச்சை இழுத்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

“ஐயா என்னை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். இடது கையால. உதவியாளர் புரட்டற நேரம். நான் பாத்துட்டு நிக்கிறது அவருக்குப் பிடிக்கல.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“திரும்பி நின்னுக்கிட்டேன். போகல. புரட்டி முடிச்சதும் புண்ணைப் பாத்துட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன். அதுக்கும் கையை ஆட்டினார். போன்னு சொன்னாரா, சரின்னு சொன்னாரா, தெரியல.”

“அடுத்த வாரம் கேளுங்க. கண்ணை மூடினா ஆமா, தொறந்தா இல்லன்னு வச்சுக்கிட்டுக் கேளுங்க. சொல்லுவார்.”

அக்கா முதல் வரிக்கு நேரே ஒரு புள்ளி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தாறு நிமிடம் பாக்கி இருந்தது.

“சரி. இப்போ அவங்க குடுத்த டீக்கு வாங்க” என்றார்.